பின்னால் இருந்த கை

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருப்பவன் அக்கா போட்ட போனை எடுப்பான். பதினோரு மாதமாக மணி அடிக்கிறது, அடித்து ஓய்கிறது. செய்தி அனுப்பினால் 'ம்' என்று ஒரே ஒரு எழுத்து வருகிறது. அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டுமாக்கும். அதனால்தான் தபால்காரரை நம்பி உட்கார்ந்து எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி.

அம்மா உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. சின்னவனைப் பற்றியும் பேசுவதில்லை. இரண்டு ஆண் பிள்ளைகளைப் பெற்றதையே மறந்தவள் மாதிரி வீட்டுக்குள் நடமாடுகிறாள். போன வாரம் காய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்: "ஏண்டி, நீதான் கைக்கு வைத்தியம் படிச்சவளாச்சே. ஒரு ஆளால இன்னொரு ஆளை எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியும்?"

தெரியாதும்மா என்றேன். வெட்கக்கேடு. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நான் செய்கிற வேலையே அதுதானே? எலும்பு கூடிய கை, வாதம் வந்து மீண்ட கை என்று வரிசையாக வருகிறார்கள். பிடியின் பலத்தைக் காட்டுகிற மீட்டரைக் கையில் கொடுத்து, "முழங்கையை உடம்போட ஒட்டி மடக்குங்க, தோளைத் தூக்காதீங்க, இப்போ அழுத்திப் பிடிங்க" என்கிறேன். கடைசியில் "விடுங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை இப்போதெல்லாம் என் வாயில் வருவதில்லை. "போதும்" என்று மட்டும் சொல்கிறேன். நேற்று ஒரு பெரியவர் எதற்கு 'போதும்' என்று புரியாமல் முகம் சிவக்க அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் விரல்களை நானே ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

வாட்ச்மேன் விசாரணையில் சொன்னதை எல்லோரும் கேட்டோம். சின்னவன் விழுந்த அன்று, நீங்கள் ரெண்டு பேரும் வேலை பார்த்த லிஃப்ட் குழிக்குள்ளிருந்து "விட்டேன்" என்று உன் குரல் தெளிவாகக் கேட்டதாம். நீ இல்லை என்று சொல்லவில்லை. அம்மா அத்தனை பேர் முன்னால் "கையை விட்டுட்டியேடா" என்று உன் சட்டையைப் பிடித்தாள். அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை. நானும் உன்னிடம் அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அதை மறைக்கவும் மாட்டேன்.

ஆனால் அம்மா கேட்டதற்கு ஒரு பதில் வேண்டும். ஆள் ஒன்றுதான், கை ஒன்றுதான். தோள் இருக்கிற இடம் மாறினால் பிடியின் பலமும் மாறும். அவனைப் பிடித்திருந்தபோது உன் கை எப்படி இருந்தது? தோள் எங்கே, முழங்கை மடங்கியிருந்ததா, நீண்டிருந்ததா? அதை மட்டும் எழுது.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

கை நன்றாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு பெரிய தாளில் ஒரே வரி இருந்தால் அதற்கும் நீ திட்டுவாய்.

அட்டைப்பெட்டி கிடங்கில் வேலை செய்கிறேன். எல்லாம் தரைத்தளத்தில். மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள், படியேறிப் போகலாம். இங்கே என் பெயர் ஊமை. ஊமை இல்லை என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே. இருந்துவிட்டுப் போகட்டும்.

வலது கையில் அவன் இருக்கிறான். கதை கட்டவில்லை. அவன் மணிக்கட்டு, அந்த கிரீஸ், அந்தச் சூடு எல்லாம் உள்ளங்கையில் இருக்கிறது. கடைக்காரர் சில்லறை கொடுத்தால் இடது கையை நீட்டுகிறேன். வலது கையை விரித்தால் விழுந்துவிடுவான் என்று தோன்றுகிறது. சட்டை தைக்கப் போனபோது தையல்காரர் அளவெடுத்துவிட்டு, "வலது தோள் நல்லா இறங்கியிருக்கே, அந்தப் பக்கம் மூட்டை தூக்குறீங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அம்மாவிடம் சொல், பெரியவன் முடிந்த மட்டும் பிடித்தான் என்று. நீ இங்கே வராதே.


மார்ச் 4

தம்பிக்கு,

'கை நன்றாகத்தான் இருந்தது.' இதைத்தான் கேட்டேனா? விளக்கெண்ணெய் பதில்.

சரி, நீ சொல்லாவிட்டால் போகிறது. எங்கள் பிரிவில் இருக்கிற எல்லோர் கையையும் அளந்துவிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு, வரவேற்பில் உட்காரும் பெண்ணை மேஜைமேல் குப்புறப் படுக்கவைத்து, கையைக் கீழே தொங்கப்போட்டு, மீட்டரைப் பிடிக்கச் சொன்னேன். அந்த நேரம் பார்த்துத் தலைமை மருத்துவர் உள்ளே வந்தார். "என்னம்மா இது, சர்க்கஸா?" என்றார். ஆமாம் என்றே சொல்லியிருக்கலாம், என்ன காரணம் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

அளந்ததில் கண்டுபிடித்தது இது. முழங்கையை நீட்டி, தோளை முன்னால் கொண்டுவந்து பிடித்தால் பெரும்பாலானவர்களுக்கு எண் நன்றாக வந்தது. சிலருக்கு உட்கார்ந்து மடக்கிப் பிடித்ததைவிடக் கூடவே வந்தது. ஆனால் தோள் நசுங்கி, முழங்கை எதன்மேலாவது மடங்கிக் கிடந்தால் குறைந்தது. நீ வாசல் விளிம்பில் குப்புறக் கிடந்திருப்பாய், விளிம்பு உன் முழங்கையை மடக்கியிருக்கும், தோள் தரையில் அழுந்தியிருக்கும். அப்படித்தானே? அந்த நிலையில் கட்டுமஸ்தான ஆளாலும் ஒருவனைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியாது.

இதை அம்மாவிடம் சொல்லப் போகிறேன். 'முடியாத காரியம்மா, எந்தக் கையாக இருந்தாலும் விட்டுத்தான் போயிருக்கும்' என்று. அவள் உன்னை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ள அது போதும். எனக்கும் போதும், உண்மையைச் சொன்னால். கோபப்பட்டுக்கொண்டே இருப்பது அலுத்துவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுது.

அக்கா


மார்ச் 15

அக்கா,

இல்லை.

நான் குப்புறக் கிடக்கவில்லை. அம்மாவிடம் தப்பாக எதையும் சொல்லாதே. நடந்ததை எழுதுகிறேன், படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள்.

ஆறாவது மாடி. லிஃப்ட் பெட்டி மேலே நின்றது, கீழே குழி காலி. சின்னவன் குழிக்குள் ஒரு இரும்புச் சட்டத்தில் நின்று வேலை பார்த்தான். நான் வாசலில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முடிந்ததும் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றினான், மறு பக்கம் மாட்டுவதற்காக. மாட்டுவதற்குள் கால் வழுக்கியது.

பாய்ந்து பிடித்தேன். அவன் மணிக்கட்டை நான், என் மணிக்கட்டை அவன். என் வலது கை. முழங்கை நீண்டிருந்தது, தோள் முன்னால் இருந்தது. உன் கணக்கில் அது நல்ல பிடி. நீயே எழுதியிருக்கிறாய்.

பாய்ந்த வேகத்தில் நானும் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் இடது கை பின்னால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. தோள் பின்பக்கம் போய்த் திருகிக்கொண்டு, கட்டைவிரல் கீழே பார்த்தபடி. என் எடை, அவன் எடை, ரெண்டும் அந்தக் கையில். நீ இதுவரை கேட்டதெல்லாம் வலது கையைப் பற்றி. எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. குழிக்குள் எந்தச் சாமான் கைமாறினாலும், வாங்குகிறவன் முதலில் "பிடிச்சுட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் கொடுக்கிறவன் "விட்டேன்" என்று சொல்லிக் கையை எடுக்க வேண்டும். இருட்டில் ஸ்பேனர் தலையில் விழாமல் இருப்பதற்கு. வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ரத்தத்தில் ஊறிவிடும். வீட்டில் அம்மா தண்ணீர் டம்ளரை நீட்டினாலும் சின்னவன் "பிடிச்சுட்டேன்" என்பான். "நீ ஒண்ணும் மோட்டார் வாங்கலடா" என்று அம்மா திட்டுவாளே, ஞாபகம் இருக்கிறதா?

அவன் தொங்கியபோது என்னை நிமிர்ந்து பார்த்தான். பயப்படக் கூடாதே என்று நான், "பிடிச்சுட்டேன்டா, பிடிச்சுட்டேன்" என்றேன்.

அவன் "விட்டேன்" என்றான்.

அவன் விரல் விரிந்தது. என் ஒரு கைப்பிடி மட்டும் மிச்சம். கிரீஸ் பூசிய மணிக்கட்டு அதற்குள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

வாட்ச்மேன் கேட்டது சின்னவன் குரல். போனில் அம்மாவுக்கே எங்கள் ரெண்டு பேர் குரலும் குழம்பும், வாட்ச்மேனுக்கு என்ன தெரியும்? ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போனவன்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவன் ஆக வேண்டுமா? 'உன் பிள்ளை தானாகவே விட்டான்' என்று அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

அதுகூட இல்லை அக்கா. எனக்கே தெரியாத ஒன்று இருக்கிறது. என் இடது கை நழுவிக்கொண்டிருந்ததா? நான் விளிம்பை நோக்கி வந்துகொண்டிருந்ததை அவன் பார்த்தானா? பார்த்திருந்தால் எனக்காக விட்டான். ஆனால் இடது கை உறுதியாக இருந்திருந்தால் அவன் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. "பிடிச்சுட்டேன்" என்று காதில் விழுந்ததும் பழக்கத்தில் வாய் சொன்னது, விரல் விரிந்தது. அப்படியானால் அவனைக் கொன்றது நான் சொன்ன வார்த்தை.

அந்த இடது கை நினைவிலேயே இல்லை. வலது கை மறக்கவிடுவதில்லை, இடது கை நினைக்கவிடுவதில்லை.

தோள் பின்னால் திருகியிருந்தால் கை எவ்வளவு பிடிக்கும்? அளந்து எழுது. என்மேல் இரக்கப்பட்டு எண்ணைக் குறைக்காதே.


மார்ச் 24

தம்பிக்கு,

மருந்து வைக்கிற அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்து முகம் கழுவிவிட்டு உன்னைத் திட்டினேன். மடையன், மடையன், ஒரு வருஷத்துக்கு மேல் ஒற்றை ஆளாக இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறானே என்று. பிறகு என்னையும் திட்டிக்கொண்டேன். சட்டையைப் பிடித்தது அம்மா என்றால், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது நான்தானே.

நீ கேட்டதை அளந்தேன். முதலில் என் கை. பின்னால் கொண்டுபோய், தோளைத் திருகி, கட்டைவிரலைக் கீழே பார்க்கவைத்து அழுத்தினேன். எண் நன்றாகவே இறங்கியது. தோளுக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தது, விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், பாதி அழுத்தும்போதே பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். தராசும் நாற்காலியும்தான் இருந்தன.

மற்றவர்களையும் அளந்தேன். ஏறக்குறைய எல்லோருக்கும் குறைந்தது. சிலருக்கு நிறையவே. ஆனால் உடற்பயிற்சிக்குப் போகிற ஆண் நர்ஸ் ஒருவன் இருக்கிறான், அவனுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. "இன்னொரு தடவை அழுத்தட்டுமாக்கா?" என்று சிரித்தான். அவன் கழுத்தை நெரிக்கலாம் போல வந்தது.

இரக்கப்படாதே என்று சொன்னாய், அதனால் இதையும் எழுதுகிறேன். ஊரான் தோளை வைத்து உன் தோளைப் பற்றிச் சொல்ல முடியாது. நீயோ நாள் முழுக்க இரும்பைப் பிடித்தவன். உன் கைதான் இங்கே வர வேண்டும். வந்தாலும் மீட்டரை அழுத்துவதும் கதவு நிலையைப் பிடித்துத் தொங்குவதும் ஒன்றல்ல. அதற்குப் பக்கத்தில் எங்கேயாவது போய் நிற்கலாம், அவ்வளவுதான்.

வா. மீட்டரை வீட்டுக்கே கொண்டுவருகிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

வருகிறேன். இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு.

நான் போனை எடுக்காததற்குக் காரணம் நீ நினைப்பது இல்லை. அம்மா நம்பரிலிருந்தும் அடிக்கடி வருகிறது, உனக்குத் தெரியுமா? நீ வேலைக்குப் போன பிறகு வரும். எடுத்தால் நான் ஹலோ சொல்ல வேண்டும். அந்த ஹலோவில் அவள் யாரைக் கேட்பாள்? ஒரு நொடி சின்னவன் என்று நினைத்துவிட்டால் அடுத்த நொடி நான் என்று தெரியுமே, அதை எப்படித் தாங்குவாள்? எனக்கே என் குரல் ஆகவில்லை. இங்கே வந்த புதிதில் ஒரு தடவை தும்மிவிட்டு, யார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அதனால் நான் வருவதற்குள் நீயே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. அவன் சொன்ன வார்த்தை, நான் சொன்ன வார்த்தை, ரெண்டையும். எதையும் மெழுகாதே. நான் அவள் முன்னால் பேசமாட்டேன். கையைக் கொடுக்கிறேன், நீ அளந்துகொள்.


ஏப்ரல் 19

அக்கா,

கிடங்குக்கு வந்து சேர்ந்துவிட்டேன். டப்பாவில் கட்டிக் கொடுத்ததைப் பேருந்திலேயே சாப்பிட்டேன்.

அம்மா சமையலறை வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தாள், கவனித்தாயா? நீ என் கையைப் பின்னால் கொண்டுபோய் மீட்டரை வைத்தபோது அவள் தோளும் கூடவே திருகியது. நீ "முன்னால பிடிச்சதுல பாதிகூட இல்லம்மா" என்று எண்ணைச் சொன்னதும் அவள் உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்தாள். மூன்றாம் தடவை பரிமாற வந்தபோது என்னையும் அறியாமல் "போதும்மா" என்றேன். கரண்டியோடு அப்படியே நின்றாள். நீ தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, "நீதான்" என்று சொல்லி என் தலையில் கை வைத்தாள்.

நேற்று என் அறைக் கதவைத் திறக்க வலது கையால் சாவியை எடுத்தேன். எடுத்த பிறகுதான் கவனித்தேன்.

இத்தோடு கடிதத்தை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். முடிக்க முடியவில்லை.

நான் முழுசாக அழுத்தவில்லை அக்கா. முதல் தடவை அழுத்த ஆரம்பித்தேன். கைக்குள் பலம் வருவது தெரிந்தது. வந்துகொண்டே இருந்தது. இன்னும் இருக்கிறது, இன்னும் அழுத்தலாம் என்று கை சொன்னது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கை தளர்ந்துவிட்டது, இல்லை, தளர்த்திவிட்டேன். அடுத்த ரெண்டு தடவையும் அப்படித்தான். ஒன்றில் கொஞ்சம் கூடுதலாக, ஒன்றில் குறைவாக, எனக்கே தெரியவில்லை.

எண்ணைக் குறைக்காதே என்று உனக்கு எழுதியவன் நான். அந்த எண் நிஜமில்லை. அம்மா அதை நம்பித்தான் தட்டை எடுத்துவந்தாள். மறுபடி வந்து உண்மையாக அழுத்தட்டுமா? நீ எழுதினால் அந்த ஞாயிறே வருகிறேன்.


ஏப்ரல் 27

தம்பிக்கு,

தெரியும்.

ஒரு நாளைக்கு எத்தனை கையைப் பார்க்கிறேன் என்று நினைத்தாய்? முழு பலத்தோடு அழுத்துகிறவனுக்கு மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே எண் வரும். உனக்கு மூன்றும் மூன்று திசையில் போனது. விடுப்பு நீட்டிக்க நடிக்கிறவர்களைக்கூட இதை வைத்துத்தான் பிடிப்போம். அப்போதே கண்டுகொண்டேன். முள்ளை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, இருக்கிறதிலேயே சின்ன எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். நீ அழுத்தாமல் விட்டதில் பாதி, நான் சொல்லாமல் விட்டதில் பாதி. கணக்குத் தீர்ந்தது.

மறுபடி அளக்க மாட்டேன். நீ வந்து கெஞ்சினாலும் மாட்டேன். உன் கை உண்மையில் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தாலும் சின்னவன் அந்த நேரத்தில் எதைப் பார்த்தான், எதைக் கேட்டான் என்று அந்த மீட்டர் சொல்லாது. சொல்ல வேண்டியவன் ஒருத்தன்தான். அவன் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டான். இதோடுதான் நாம் இருக்க வேண்டும், நீயும் நானும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நீ போன பிறகு நடந்ததை எழுதவே இதை எடுத்தேன். நீ பேருந்து ஏறிய அன்று மீட்டரைப் பையில் வைக்கப் போனேன். அம்மா "இங்க குடு" என்றாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நீ உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையைப் பின்னால் கொண்டுபோனாள். எட்டவில்லை. நான் பிடித்துத் திருப்பிவிட்டேன். கட்டைவிரல் கீழே பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். முள் அசைந்ததா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதாம்மா."

மீட்டரை மடியில் வைத்துக்கொண்டாள். "இந்தக் கையை வச்சுக்கிட்டு பெரியவன் எப்படிடி நின்னிருப்பான்? சின்னவன் பார்த்துட்டான். அண்ணனும் வந்துடுவான்னு பார்த்துட்டுதான் விட்டிருக்கான்" என்றாள். அப்போதுதான், இத்தனை மாதத்துக்குப் பிறகு, வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்து, உனக்கு இனி வாராவாரம் டப்பாவில் என்ன கட்டி அனுப்பலாம் என்று கேட்டாள்.

மூட்டுவலி வந்த அந்தக் கையை முன்னால் வைத்து அழுத்தினாலும் முள் அவ்வளவுதான் அசையும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

அக்கா